தாளியும் காய்ச்செண்ணெயும்: நெய்யாற்றின்கரை எல்லைப் பகுதியில் கூந்தல் பேணற் சொற்களின் வரலாறு

1. எல்லையும் வழக்கும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலச் சீரமைப்பு நடைமுறைக்கு வந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசு கோரிய பகுதிகளுள் ஒன்றான நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. அவ்வட்டத்துப் பாறசாலை எல்லையின் ஒருபுறமும், அதனை அடுத்த களியக்காவிளை மறுபுறமும் அமைந்தன. ஆட்சிமொழியையும் பள்ளிமொழியையும் இவ்வெல்லை பிரித்தது. ஆனால் கொல்லையில் பறிக்கும் இலையையும் அடுப்பில் காயும் எண்ணெயையும் அது பிரிக்கவில்லை. இருமொழி வழங்கும் இவ்வூர்களின் கூந்தல் பேணற் சொற்கள் மொழிபெயர்ப்பாளருக்கு எளியன போலத் தோன்றினும் உண்மையில் இடர் தருவன. அவ்விடரின் காரணத்தை வரலாற்று நோக்கில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பொது மரபு

மூலிகை ஊறிய நீராலும் வாசநெய்யாலும் கூந்தலைப் பேணும் வழக்கம் சிலப்பதிகாரத்திலேயே விரிவாகக் காணப்படுகிறது. கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் நீராட்டுக்குப் பத்துவகைத் துவரும், ஐந்துவகை விரையும், முப்பத்திரண்டு வகை ஓமாலிகையும் ஊறிய நீர் கூறப்படுகிறது. சேர நாட்டில் எழுந்ததாகக் கருதப்படும் இக்காப்பியம் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான முற்காலத்தைச் சார்ந்தது.

அடுத்த முக்கியச் சான்று 1678 முதல் 1693 வரை ஆம்சுடர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் முதலிய மருத்துவர்களின் துணையோடு இதனைத் தொகுத்தார். இந்நூல் செம்பருத்தியை ‘ஷெம்பரிதி’ என்றும், அவுரியை ‘அமேரி’ என்றும் பதிவு செய்கிறது. முன்னதன் இன்றைய மலையாள வடிவம் ‘செம்பரத்தி’. பின்னது மலையாளத்தில் ‘நீலயமரி’ என அடைபெற்று வழங்குகிறது. தமிழ் மருத்துவ வழக்கில் அவுரி, நீலி என்னும் பெயர்களே பெருவழக்காயின.

3. தாளி

செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கையால் கசக்கிப் பிழிந்து வடித்தால் வழுவழுப்பான பச்சைச் சாறு கிடைக்கும். எண்ணெய் தேய்த்த தலையிலிருந்து பிசுக்கை அகற்ற உதவும் இச்சாறே மலையாளத்தில் ‘தாளி’ எனப்படுவது. ‘வெள்ளில’ என்னும் செடியின் இலையிலிருந்தும் தாளி எடுப்பர்.

தமிழ் வாசகருக்கு இங்கு இரண்டு தடைகள் உள்ளன. தமிழிலக்கியத்தில் தாளி என்பது ஒரு கொடி. குறுந்தொகையிலும் அப்பொருளில் வருகிறது. இன்றைய வழக்கிலோ அச்சொல் சமையலறைத் தாளிப்பையே நினைவூட்டும். அவ்வாறே ‘வெள்ளிலை’ பழந்தமிழில் வெற்றிலையைக் குறிக்கும். எனவே ‘வெள்ளிலத் தாளி’ என்பதை ஒலியொப்புமை கருதிப் பெயர்த்தால் வெற்றிலைத் தாளிப்பு என்னும் பொருந்தாப் பொருள் பிறக்கும்.

தாளியைச் ‘சீயக்காய்’ எனப் பெயர்ப்பதும் முழுமையாகப் பொருந்தாது. சீயக்காய் உலர்ந்த காயின் பொடி, நீரில் நுரைப்பது. தாளி அன்றன்று எடுக்கும் பச்சிலைச் சாறு. அதன் சிறப்பு வழுவழுப்பு. பயன் ஒன்றாயினும் பொருளும் செய்முறையும் வேறு. ‘செம்பருத்தித் தாளி’ எனச் சொல்லைக் காத்து, முதல் வருகையில் ‘இலைச்சாறு’ என விளக்குவதே தக்கது.

தலை அலசப் பயன்படும் ‘கஞ்ஞிவெள்ளம்’ மற்றோர் எடுத்துக்காட்டு. பொதுத்தமிழில் வெள்ளம் பெருக்கைக் குறிக்கும். மலையாளத்திலும் குமரிமாவட்டத் தமிழிலும் அது தண்ணீர். ஆகவே குமரி வாசகருக்கு விளக்கம் வேண்டாத இத்தொடர், சென்னை வாசகருக்கு ‘வடிகஞ்சி’ ஆக வேண்டும்.

4. எண்ணெயும் பாகமும்

கையோன்னி, நெல்லிக்காய், நீலயமரி ஆகியவற்றின் சாற்றைத் தேங்காயெண்ணெயில் சேர்த்துக் காய்ச்சுவது பெருவழக்கு. கையோன்னி தமிழின் கையாந்தகரை, அதாவது கரிசலாங்கண்ணி. இரு பெயர்களிலும் ‘கை’ என்னும் முதலுறுப்பு எஞ்சியுள்ளது. ‘காய்ச்சிய எண்ணெய்’ மலையாளத்தில் ‘காச்சிய எண்ண’ ஆகிறது. யகர மெய் கெடும் இம்மாற்றம் தமிழ்ப் பேச்சு வழக்குக்கும் உரியது. தேங்காயெண்ணெய் மலையாளத்தில் ‘வெளிச்செண்ண’. எள்ளெண்ணெயை இருமொழியும் நல்லெண்ணெய் என்றே வழங்கும்.

காய்ச்சும்போது அடியில் தங்கும் கற்கத்தை விரலால் உருட்டிப் பார்ப்பர். மெழுகுபோல் திரண்டால் ஒரு நிலை. மணல்போல் உதிர்ந்தால் மற்றொரு நிலை. இவற்றைச் சித்த மருத்துவ வழக்கு மெழுகுபதம், மணற்பதம் என்னும். மலையாள வைத்தியர் மெழுகுபாகம், மணல்பாகம் என்பர். சமைத்தலைக் குறிக்கும் வடசொல்லும் பங்கைக் குறிக்கும் வடசொல்லும் தமிழெழுத்தில் ‘பாகம்’ என ஒன்றாகிவிடுகின்றன. மலையாள எழுத்து அவற்றை வேறுபடுத்தும். இவ்வேறுபாட்டை அறியாது ‘மணல்பாகம்’ என்பதை மணலின் பங்கு எனக் கொண்டால், பதம் பற்றிய குறிப்பு அளவு பற்றிய குறிப்பாகத் திரியும், செய்முறையே பிழைபடும்.

5. முடிவு

‘ஷாம்பூ’ என்னும் சொல், அழுத்திப் பிடித்துவிடுதலைக் குறிக்கும் இந்தி வினையிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்திற்குச் சென்று, தலைகழுவும் பொருளாய்ப் பொருள் மாறித் திரும்பியது. சிறு உறைகளில் கடைதோறும் கிடைக்கும் இப்பொருள், சீயக்காய், அரப்பு, தாளி என்னும் மூன்றன் இடத்தையும் ஒருங்கே பற்றியுள்ளது. செய்முறை அருகும்போது அதனைச் சார்ந்த வேறுபாடுகளும் சொல்லிலிருந்து அருகுகின்றன. எல்லைப்பகுதிச் சொற்களைத் தொகுப்போர் நேர்ச்சொல்லை மட்டும் தராமல், எப்பகுதி, எந்நிலையில், எவ்வாறு செய்யப்படுவது என்பவற்றையும் உடன் பதிவு செய்தல் வேண்டும். அப்பதிவு இல்லையேல், நாளைய மொழிபெயர்ப்பாளர் கையில் தாளி வெறும் தாளிப்பாகவே எஞ்சும்.