நூல் நம்பரும் ஸ்பிரிங் நம்பரும்

ஆத்தூர் பக்கம், சின்னாளபட்டித் தறிக்காரர் யாரிடமாவது நூல் என்ன நம்பர் என்று கேட்டால் அறுபது, எண்பது என்று பதில் வரும். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜச் சிட்டா எத்தனை என்பதுதான் அந்த நம்பர். இங்கிலாந்து மில்கள் விட்டுப்போன கணக்கு. 60-ஆம் நம்பர் என்றால் ஒரு பவுண்டில் 50,400 கெஜம். நம்பர் ஏற ஏற நூல் மெலியும், அவ்வளவுதான். போர்வைக்கு 10-ஆம் நம்பரே போதும். அதை மட்ட நூல் என்று எந்தத் தறிக்காரரும் சொல்லமாட்டார்.

மெத்தைக் கடையில் மட்டும், "இது ஆயிரம் ஸ்பிரிங் சார்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம்.

முன்பு மெத்தை என்றால் போடிப் பக்கத்து இலவம்பஞ்சு. பஞ்சு எத்தனை கிலோ, உறைத்துணி என்ன, இதுதான் பேச்சு. அமுங்கினால் பிரித்து வெயிலில் போட்டு, அடித்து, திரும்ப நிரப்பலாம். உள்ளே இருப்பது வீட்டுக்கே தெரியும். ஸ்பிரிங் மெத்தையோ பிரிக்கமுடியாத பெட்டி. நமக்குக் கிடைப்பது ஒரு எண் மட்டும்.

ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனித் துணிப்பைக்குள் போடும் யோசனை, கனடாவில் குடியேறிய ஜேம்ஸ் மார்ஷல் என்ற இஞ்சினியருடையது, 1900 வாக்கில். கைவேலை என்பதால் விலை எக்கச்சக்கம். 1925-இல் அமெரிக்காவின் சிம்மன்ஸ் கம்பெனி அதை மெஷினில் செய்து 'பியூட்டிரெஸ்ட்' என்று விற்கத் தொடங்கியபிறகுதான் பரவியது. பக்கத்தில் படுத்தவர் புரண்டாலும் நமக்கு ஆட்டம் தெரியாது, அதுதான் லாபம். எல்லாச் சுருளையும் கம்பியால் பின்னிய பழைய பானெல் வகையில் அந்த வசதி குறைவு.

இப்போது கணக்கு. குயின் சைஸ் 60க்கு 78 அங்குலம், 4,680 சதுர அங்குலம். ஆயிரம் ஸ்பிரிங் என்றால் ஒன்றுக்கு 4.68. கிங் சைஸில் (72க்கு 78) அதே நெருக்கத்துக்கு 1,200 வேண்டும். ஆக, கிங்கின் 1,200 குயினின் ஆயிரத்தைவிட ஒசத்தி இல்லை. இரண்டாயிரம் என்றால் குறுகலான சுருள், பெரும்பாலும் மெல்லிய கம்பி. இல்லாவிட்டால் குட்டி ஸ்பிரிங்கை இன்னொரு அடுக்காகப் போட்டு அதையும் சேர்த்து எண்ணியிருப்பார்கள்.

தாங்குவது கம்பியின் தடிமன். அதுவும் நூல் மாதிரித் தலைகீழ்தான்: 13 கேஜ் கம்பி சுமார் 2.3 மில்லிமீட்டர், 15 கேஜ் 1.8. எடை கூடியவர்கள் எண்ணிக்கைக்கு முன்னால் இதைத்தான் கேட்கவேண்டும்.

கடையில் வெட்டிக்காட்டும் மாதிரித் துண்டு இருந்தால் ஸ்கேல் வைத்துப் பாருங்கள். சுருளின் அகலம் 6 சென்டிமீட்டர் என்றால், எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் குயின் மெத்தையில் ஒரே அடுக்கில் ஆயிரம் கொள்ளாது.