பீட்டர் தங்கராஜ்: வெலிங்டன் தந்த கோல்கீப்பர்

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பர் 24 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். செகந்திராபாத் கிளப்புகளில் பந்தாடிப் பழகியவர், 1953இல் ராணுவத்தில் சேர்ந்தார். நீலகிரி வெலிங்டனில் இயங்கும் மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணியில் அவருக்கு முதலில் கிடைத்த இடம் சென்டர் ஃபார்வர்ட். கோல் போட வந்தவர் கோல் காக்கப் போனது அங்கேதான். ஆறடியைத் தாண்டிய உயரம் அந்த வேலைக்கு வாகாக அமைந்தது. 1955, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் அந்த அணி டூரண்ட் கோப்பையை வென்றது. தமிழ்நாட்டுக் கால்பந்து என்றதும் புளியந்தோப்பு, வியாசர்பாடி மைதானங்கள்தான் நினைவுக்கு வரும். மலைமேல் ராணுவ முகாமில் உருவான இந்தக் கோல்கீப்பரையும் அவற்றோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

இந்தியா நான்காம் இடம் பிடித்த 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் அணியில் தங்கராஜும் எஸ்.எஸ். நாராயணும் கோல்கீப்பர்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியா ஹங்கேரியிடம் 1-2 என்று தோற்றது. பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்தது.

அவரது ஆட்ட வாழ்வின் உச்சம் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய அதிகாரி ஜி.டி. சோந்தி கண்டித்திருந்தார். அந்தக் கோபத்தை ரசிகர்கள் இந்திய அணியின் மீது காட்டினார்கள். முதல் ஆட்டத்தில் 0-2 என்று தோற்கடித்த தென் கொரியாவே செப்டம்பர் 4 இறுதி ஆட்டத்திலும் எதிரே நின்றது. பயிற்சியாளர் ரஹீம், அரையிறுதியில் கோல் காத்த பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாகத் தங்கராஜை இறக்கினார். பி.கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் அடிக்க, இந்தியா 2-1 என்று தங்கம் வென்றது. அரங்கமே எதிர்த்துக் கூச்சலிட்ட அந்த ஆட்டத்தில் முன்னிலையைக் கடைசிவரை காத்தது சாதாரணச் சாதனை அல்ல.

1964 ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ராணுவத்தை விட்டு கொல்கத்தா வந்த தங்கராஜ் மோகன் பகான், முகமதன் ஸ்போர்டிங், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967இல் அர்ஜுனா விருது கிடைத்தது.

1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பயிற்சியாளரானார். போர்த்துகீசியர் காலத்திலிருந்தே கால்பந்து வேரூன்றிய கோவாவில் வாஸ்கோ அணிக்குப் பயிற்சி அளித்தார். பின்னாளில் பொகாரோ உருக்காலை நகரில் குடியேறி, 2008 நவம்பர் 24 அன்று அங்கேயே காலமானார்.