கரையும் வீதியும்: மதுரைச் சித்திரைத் திருவிழாவில் மக்கள் நகர்வும் பாதுகாப்பும்

ஆய்வுச்சுருக்கம்

மதுரைச் சித்திரைத் திருவிழா இருவேறு விழாக்களின் சேர்க்கை. மீனாட்சியம்மன் கோயில் விழா வீதிகளைச் சுற்றி வலமாக நிகழ்வது. கள்ளழகர் விழா மலையடிவாரத்திலிருந்து வைகை வரை நேர்வழியாக நிகழ்வது. இவ்விரண்டும் மக்கள்திரளை வெவ்வேறு வகையில் நகர்த்துகின்றன. கோட்டை இடிப்பு, தொடர்வண்டி, பாலம், அணை ஆகியவற்றால் நகர் மாறியபோது இந்நகர்வு எவ்வாறு மாறியது என்பதையும், நெரிசல் இடர் வலத்தில் அன்றி வழியின் முடிவிடத்தில் திரள்வதன் காரணத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மதுரை, சித்திரைத் திருவிழா, மாசி வீதி, வைகை, மண்டகப்படி, நெரிசல்

முன்னுரை

2022 ஏப்ரல் 16ஆம் நாள் விடியற்காலையில் கள்ளழகர் வைகையாற்றில் எழுந்தருளியபோது ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர், பலர் காயமுற்றனர். பெருந்தொற்றின் காரணமாக முந்தைய இரண்டு ஆண்டுகளும் பக்தர்களின்றி நடந்த விழா, அவ்வாண்டுதான் மீண்டும் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தது. எதிர்பாராத கூட்டமே இறப்புக்குக் காரணம் என்ற விளக்கம் அதனால் எளிதாக ஏற்கப்பட்டது. ஆயினும் அதற்கு முந்தைய நாள் அதே நகரில், அகலம் குறைந்த மாசி வீதிகளில் இரண்டு பெருந்தேர்கள் வலம் வந்தன. கூட்டத்தின் அளவு ஒன்றே காரணமாயின் இடர் முதலில் அங்கேயே நேர்ந்திருக்க வேண்டும். எனவே வினா எத்தனை பேர் வந்தனர் என்பதன்று. வந்தோர் எங்கு, எந்நேரத்தில், எத்திசையில் நகர்ந்தனர் என்பதாகும்.

பரிபாடலில் திருவிழாக் கூட்டம்

மதுரை மக்கள் திரளாக நகர்வதைப் பற்றிய மிகப் பழைய பதிவுகள் பரிபாடலில் உள்ளன. வைகையில் புதுப்புனல் வந்த செய்தி கேட்டு மக்கள் விரைவதை இருபதாம் பாடல் காட்டுகிறது. அவ்விரைவில் தேருக்குரிய குதிரையை வண்டியிலும், வண்டிக்குரிய எருதைத் தேரிலும் பூட்டிவிடுகின்றனர். பத்தொன்பதாம் பாடலில் திருப்பரங்குன்றத்திற்குச் சென்ற கூட்டத்தில் சுற்றத்தாரைப் பிரிந்த பேதைச் சிறுமி ஒருத்தி அவர்களைக் கூவி அழைக்கிறாள். குன்றின் முழைஞ்சு அக்குரலை எதிரொலிக்கிறது. அதைத் தன் உறவினரின் மறுமொழி என்று எண்ணி ஒலி வந்த இடத்திற்குச் சென்று, அவர்களைக் காணாமல் மீண்டும் மீண்டும் கூவுகிறாள்.

உரையாசிரியர்களும் பிற்காலத் திறனாய்வாளர்களும் இப்பகுதியைப் பேதைமையின் நயமாகவே போற்றியுள்ளனர். அந்நயத்தை மறுக்க வேண்டியதில்லை. எனினும் கூட்டத்தில் தவறான தகவல் ஒருவரை எவ்வாறு தவறான திசைக்கு இட்டுச்செல்லும் என்பதையும் இப்பாடல் மிகத் துல்லியமாகக் காட்டுகிறது. 1971இல் நடையர் இயக்கம் பற்றிய நூலை எழுதிய ஜான் ஃப்ருயின், பின்னாளில் கூட்ட விபத்துகளை ஆராய்ந்தபோது விசை, தகவல், இடம், காலம் என்னும் நான்கையே அடிப்படைக் கூறுகளாக வகுத்தார். அந்நான்கனுள் தகவலின்மை பரங்குன்றத்துச் சிறுமியிடமும், காலத்தின் நெருக்கடி வண்டி மாற்றிப் பூட்டியோரிடமும் வெளிப்படக் காணலாம்.

வலம் வரும் வீதி

ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என மாதப் பெயர் தாங்கிய வீதிகள் கோயிலை மையமாகக் கொண்டு ஒன்றையொன்று சூழ்ந்த சதுரங்களாக அமைந்துள்ளன. இன்று காணப்படும் அமைப்பு பெரும்பாலும் விசுவநாத நாயக்கர் காலத்தில் தொடங்கிய நகர மறுசீரமைப்பின் பயன் என்பர். சித்திரை மாத விழாவின் உலா மாசி வீதிகளில் நடப்பது முதல் நோக்கில் முரணாகத் தோன்றும். மாசி மாதத்தில் நடந்துவந்த திருக்கல்யாண விழாவைத் திருமலை நாயக்கர் (1623–1659) சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவுடன் இணைத்தார் என்னும் மரபுச்செய்தி இதனை விளக்குகிறது. விழா மாதம் மாறியது, வீதி மாறவில்லை.

சைவ, வைணவ இணக்கம், கள்ளர் முதலிய நாட்டார் குழுக்களை அரசோடு பிணைத்தல் என இவ்விணைப்பின் அரசியலை டென்னிஸ் ஹட்சன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விரிவாகப் பேசியுள்ளனர். அதன் இடவியல் விளைவு அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. சுற்றுவீதி உலாவில் இறைவடிவம் மக்களிடம் வருகிறது. நான்கு வீதிகளில் எங்கு நின்றாலும் காட்சி கிட்டும் என்பதால் எந்த ஒரு புள்ளிக்கும் தனிச்சிறப்பு இல்லை. தேர் கடந்ததும் அவ்விடத்துக் கூட்டம் குறுக்குச்சந்துகளின் வழியாகக் கலைகிறது. தேரின் வேகமும் மனிதர் கையில் உள்ளது. வடம் பிடிப்போரை நிறுத்தவும் செலுத்தவும் குரல் உண்டு. சக்கரத்திற்கு முட்டுக்கட்டை உண்டு. கீழமாசி வீதித் தேர்முட்டியில் புறப்பட்ட தேர் அங்கேயே திரும்பி வந்து நிலைகொள்வதால், தொடக்கமும் முடிவும் ஓரிடமாகி விடுகின்றன.

இதனால் தேரோட்டம் இடரற்றது என்று கொள்ளலாகாது. 2022 ஏப்ரல் 27இல் தஞ்சையை அடுத்த களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டுப் பதினொருவர் இறந்த நிகழ்வு, வீதியின் தரையை மட்டுமின்றி அதன் வானத்தையும் கணக்கில் கொள்ளவேண்டும் என்பதைக் காட்டியது. ஆனால் அது வேறுவகை இடர்.

அழகரின் வழி

அழகர்கோயில் மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கிருந்து புறப்படும் கள்ளழகர் அப்பன் திருப்பதி, மூன்றுமாவடி, புதூர், தல்லாகுளம், கோரிப்பாளையம் வழியாக வைகையை அடைகிறார். விழா இணைப்புக்கு முன் அவர் அலங்காநல்லூர் வழியாகத் தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்பதும் மரபு. வண்டியூரை ஒட்டிய மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் எனப்படுவது அந்நினைவின் எச்சமாகலாம். ஆற்றங்கரைச் சிற்றூரில் நடந்த ஒரு நிகழ்வு இவ்வாறு நகரின் வாயிலுக்கு வந்துசேர்ந்தது.

இவ்வழியின் காவல் மண்டகப்படிகளே. நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் அழகர் தங்கித் தங்கி வருவதால் காட்சி பல இடங்களுக்கும் பல மணிநேரத்திற்கும் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு மண்டகப்படிக்கும் ஒரு குடும்பமோ சமூகமோ உரிமையுடையது; அவ்வூர்க் கூட்டத்தை ஒழுங்குசெய்யும் பொறுப்பும் அவர்களையே சாரும். உரிமைப் பூசல்களுக்கும் இவையே களமாக இருந்தன என்பது உண்மை. எனினும் திரளைச் சிறுசிறு கூறுகளாகப் பிரித்து வைத்ததில் இவற்றின் பங்கு பெரிது.

இப்பங்கீடு ஆற்றங்கரையில் முறிகிறது. பிற இடங்களில் காட்சிக்கு நேரம் நெகிழும். ஆற்றில் இறங்குதல் முழுநிலா நாளின் விடியலில், குறித்த பொழுதில், ஓரிடத்தில் மட்டுமே நிகழ்வது. எதிர்சேவைக்கு வந்தோர் இரவெல்லாம் உடன் நடந்து வடகரை வழியாக வருகின்றனர். நகர மக்கள் தென்கரையிலிருந்து வருகின்றனர். குதிரை வாகனம் நீரில் இறங்கிய கணத்தில் கண்டவர் திரும்ப முற்படுவர், காணாதவர் முன்னே தள்ளுவர். ஒரு சதுர மீட்டரில் ஏழு பேருக்கு மேல் நெருங்கும்போது தனிமனிதர் தம் விருப்பப்படி நகர இயலாமல் நீரலை போல அசைக்கப்படுகின்றனர் என்பது ஃப்ருயினின் கணிப்பு. அந்நிலையில் மரணம் மிதிபடுவதால் நேர்வதைக் காட்டிலும் நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறுவதால் நேர்வதே மிகுதி.

1992 பிப்ரவரி 18இல் கும்பகோணம் மகாமகத்தில் ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்ததும் இவ்வமைப்பிலேயே. நாற்புறமும் கரை சூழ்ந்த ஒரு குளம், குறித்த ஒரு பொழுது, எல்லோரும் நோக்கிய ஒரு திசை.

கோட்டை, தொடர்வண்டி, பாலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நகரின் விளிம்பை மாற்றியது. ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் கோட்டைமதில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. அப்பணியோடு தொடர்புடையோர் பெயர்கள் மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி என இன்றும் நிலைத்துள்ளன. மதில் நின்ற எல்லையில் வெளி வீதிகள் உருவாயின. வாயில்களின் வழியாக மட்டும் நுழைந்த கூட்டம் இப்போது எப்புறத்திலும் நுழையலாயிற்று. 1875இல் தொடர்வண்டி வந்தபோது, நாட்கணக்கில் கால்நடையாகவும் மாட்டுவண்டியிலும் வந்துசேர்ந்த திரள் மணிக்கணக்கில் வந்துசேரத் தொடங்கியது. 1889இல் கட்டப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலம், மணற்படுகை எங்கும் பரந்து ஆற்றைக் கடந்த மக்களைக் கோரிப்பாளையம் முனையில் ஒருமுகப்படுத்தியது. அழகர் இறங்கும் இடமும் அதன் அருகிலேயே அமைந்ததால், போக்குவரத்தின் கழுத்தும் விழாவின் உச்சமும் ஒன்றாயின.

அக்காலத்து அரசு திருவிழாவை நோய்ப்பரவல் என்னும் கண்ணாலேயே பெரிதும் நோக்கியது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய பன்னாட்டுச் சுகாதார மாநாடு இந்திய யாத்திரைகளைக் காலராவின் ஊற்றுக்கண்களாகக் கருதியபின் இப்பார்வை வலுப்பெற்றது. நெரிசலைத் தனியொரு பொருளாகக் கொண்ட இந்திய அரசு வழிகாட்டி, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தால் 2014இல்தான் வெளியிடப்பட்டது. காலராவுக்கு அஞ்சிய அளவிற்குக் கழுத்துவழிகளுக்கு ஆட்சியாளர் அஞ்சவில்லை எனலாம்.

சுருங்கிய படுகை

வைகையின் அகன்ற மணற்படுகையே நெடுங்காலம் இவ்விழாவின் திறந்தவெளியாக இருந்தது. கரை தாழ்ந்தும் சரிந்தும் இருந்ததால் எவரும் எங்கும் ஏறவும் இறங்கவும் இயன்றது. 1959இல் வைகை அணை பயன்பாட்டுக்கு வந்தபின் விழாவிற்கென நீர் திறந்துவிடும் வழக்கம் தோன்றியது. அழகர் வறண்ட மணலில் இறங்குவதைக் காண எவருக்கும் மனம் ஒப்பாது. ஆயினும் திறந்துவிடப்படும் நீர், மக்கள் நிற்கும் பரப்பைக் குறைக்கிறது. அண்மை ஆண்டுகளில் இருகரைகளிலும் எழுந்த தடுப்புச்சுவர்களும் கரைச்சாலைகளும் ஆக்கிரமிப்பைத் தடுக்கவும் போக்குவரத்தை எளிதாக்கவும் உதவலாம். விழாநாளில் அவை சரிந்த கரையைச் சில படிக்கட்டு வாயில்களாக மாற்றிவிடுகின்றன. முக்கியப் பிரமுகர்களுக்கும் அனுமதிச்சீட்டுடையோருக்கும் ஒதுக்கப்படும் அடைப்புகள் எஞ்சிய இடத்தையும் வெட்டுகின்றன. தடுப்புக்கட்டைகளை மிகுத்தலே பாதுகாப்பு எனக் கருதும் போக்கு இங்கு மறுபரிசீலனைக்குரியது. உள்ளே வருவதைத் தடுக்கும் கட்டை வெளியேறுவதையும் தடுக்கும்.

ஆற்றில் இறங்கியதன் மறுநாள் இரவு இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் காட்சி நடைபெறுகிறது. அழகர் ஒவ்வொரு கோலமாக விடியும் வரை காட்சி தருகிறார். ஒரு கோலத்தைக் கண்டவர் எழுந்து செல்ல, அடுத்த கோலத்திற்கு வருபவர் அவ்விடத்தில் அமர்கின்றனர். அப்போதும் அதே வைகைக்கரைதான், அதே அழகர்தான்.