கொச்சியும் டபோலிமும்: ஓடுபாதை யாருக்கு?

மட்டாஞ்சேரிப் படகுத்துறையிலிருந்து பார்த்தால் காயலுக்கு அந்தப் பக்கம் வில்லிங்டன் தீவு. துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம். அங்கே 1953 முதல் கடற்படையின் ஐஎன்எஸ் கருடா விமானத்தளம் இருக்கிறது. 1999 வரை பயணிகளும் அந்த ஓடுபாதையில்தான் இறங்கினார்கள். கோவாவின் டபோலிமிலும் அதே ஏற்பாடு. தளத்தின் பெயர் ஐஎன்எஸ் ஹன்சா. (1961இல் நம் சூலூரில் தொடங்கி, 1964இல் கோவாவுக்குக் குடிபோனது.)

டபோலிம் நேரத்தைப் பங்கு போட்டது. வார நாட்களில் காலைப் பொழுது போர் விமானப் பயிற்சிக்கு, மீதி நேரம் பயணிகளுக்கு. 2018 ஜனவரி 3 அன்று மிக்-29கே ஒன்று ஓடுபாதையை விட்டு விலகித் தீப்பிடித்தபோது பயணிகள் விமானங்களும் சேர்ந்து காத்துக் கிடந்தன. கோவாவுக்கு மோபாவில் இரண்டாவது நிலையம் கிடைக்க 2023 ஆயிற்று.

கொச்சி இடத்தையே பிரித்துக்கொண்டது. தீவின் ஓடுபாதை பெரிய விமானங்களைத் தாங்காது. வெளிநாட்டு மலையாளிகள் ஆயிரக்கணக்கானோர் பணம் போட, நெடும்பாசேரியில் 3,400 மீட்டர் ஓடுபாதையோடு சியால் என்ற கொச்சி பன்னாட்டு விமான நிலையம் எழுந்தது. கேட்டால் இதுதான் சரி என்பேன். ஆனால் பாகப்பிரிவினை முழுதாக முடியவில்லை. கடலோரக் காவல்படை நெடும்பாசேரியிலிருந்தும் பறக்கிறது. 2023 மார்ச் 26 அன்று அதன் துருவ் ஹெலிகாப்டர் ஓடுபாதை அருகே விழ, நிலையமே சிறிது நேரம் மூடப்பட்டது. 2018 வெள்ளத்தில் நெடும்பாசேரி மூழ்கியபோதோ, பழைய வீடுதான் கைகொடுத்தது: ஆகஸ்ட் 20 முதல் அலையன்ஸ் ஏரின் சிறிய ஏடிஆர் விமானங்கள் கருடாவில் இறங்கின. கடற்படை அந்த ஓடுபாதையை உயிரோடு வைத்திருந்ததால்தான் அது நடந்தது.

ஆளில்லா விமானங்கள் இந்தக் கணக்கை மாற்றுகின்றன. 2006இல் ஹெரான், சர்ச்சர் ரகங்களுக்கென்று கொச்சியில் கடற்படை ஒரு படைப்பிரிவு அமைத்தது. விமானி இருந்தால் எதிரே வருவதைக் கண்ணால் பார்த்து விலகுவார். இவற்றில் அந்தக் கண் இல்லை. ஆகவே இவற்றுக்கு வானத்தில் உயரமும் எல்லையும் தனியே ஒதுக்கித்தர வேண்டியிருக்கிறது. தரையில் ஓடுபாதைகளைப் பிரித்தது அங்கே பாதி வேலைதான். 2021இல் கடற்படை தன் தளங்களைச் சுற்றி 3 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாத ட்ரோன்களைத் தடை செய்தது. மட்டாஞ்சேரியின் காயல்கரை அந்த வட்டத்துக்குள் வருகிறது. கல்யாணப் படம் எடுப்பவருக்கும் அதே விதிதான்.

2024 மார்ச்சில் ஒரு சர்ச்சர் கருடாவின் ஓடுபாதையை எட்டாமல் அருகிலேயே விழுந்தது, யாருக்கும் காயமில்லை. 1999க்கு முந்தைய ஏற்பாடே நீடித்திருந்தால், அதே பாதையில் இறங்கப் பயணிகள் விமானங்களும் வரிசையில் நின்றிருக்கும்.