சாம்பல் நீரும் சுட்ட சுண்ணாம்பும்: சுசுருதத்தின் ஒரு வாக்கியம் குறித்து

இந்தியாவில் காரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிரபுல்ல சந்திர ராய் போட்ட தடத்திலேயே நடக்கிறார்கள். 1902-இல் வெளிவந்த தம் இந்து வேதியியல் வரலாற்றின் முதல் தொகுதியில், சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 11-ஆம் அத்தியாயத்தில் உள்ள காரத் தயாரிப்பை அவர் பெரிதும் மெச்சினார். இக்காலப் பாடநூலிலும் இடம்பெறத் தக்கது அது என்பது அவர் கருத்து. அங்கே வரும் மென்காரம் நாம் கார்பனேட் என்பது. வன்காரம் நாம் ஹைட்ராக்சைடு என்பது. இரண்டின் வேறுபாட்டையும் சுசுருதர் அறிந்திருந்தார். ராயின் வாசிப்பு இதுதான். கைவேலையைப் பற்றிய மட்டில் இதில் பிழை காண இடமில்லை. அந்தக் கைவேலையிலிருந்து அவர் ஒரு கோட்பாட்டை வருவித்த இடத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முறை தெரிந்ததுதான். முஷ்கக மரத்தைத் துண்டாக்கிச் சுண்ணக்கற்களோடு சேர்த்து, எள்ளுத் தட்டையால் தீ மூட்டி எரிக்க வேண்டும். தீ அவிந்ததும் சாம்பலைத் தனியாகவும் வெந்த கற்களைத் தனியாகவும் எடுக்க வேண்டும். சாம்பலை ஆறு மடங்கு நீரில் கரைத்து 21 முறை வடித்துக் காய்ச்ச வேண்டும். பிறகு கற்களையும் கிளிஞ்சலையும் சங்கின் நடுப்பகுதியையும் இரும்புக் கலத்தில் நெருப்பு நிறம் வரும்வரை சுட்டு, முன்பே ஒதுக்கிவைத்த சாம்பல் நீரில் தோய்த்து அரைத்து, கொதிக்கும் நீரில் சேர்த்துக் கிண்ட வேண்டும். சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் சுண்ணாம்போடு வினைபுரிகிறது. கால்சியம் கார்பனேட் அடியில் படிகிறது. கரைசலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு நிற்கிறது. சுண்ணாம்பு சேர்க்காமல் காய்ச்சி இறக்கினால் அது மென்காரம். சாம்பலையும் கற்களையும் பிரித்தெடுக்கச் சொல்லும் குறிப்பு ராயின் கட்சிக்கு அவர் நினைத்ததைவிட வலுவான சான்று. அந்தப் பிரிப்பு இல்லாவிட்டால் மென்காரத்திலும் சுட்ட சுண்ணாம்பு கலந்திருக்கும், வேறுபாடே நின்றிருக்காது. செந்தணல் சூட்டில் கல் முழுதும் வெந்திருக்குமா என்பது வேறு கேள்வி. சுண்ணக்கல் நன்றாகச் சிதைய ஏறக்குறைய 850 பாகையாவது வேண்டும்.

ஆனால் நூலில் இருப்பவை இரண்டு வகை அல்ல, மூன்று. சுண்ணாம்பு சேர்ந்தது மத்திம காரம்தான். அதற்கு மேலே தீட்சண காரம் என்று ஒன்று இருக்கிறது. அது நேர்வாளம், கொடிவேலி போன்ற மூலிகைகளைச் சேர்ப்பதால் வருவது. வேதியியல் கணக்கில் மத்திமத்துக்கும் தீட்சணத்துக்கும் இடையே கோடு போட முடியாது. வைத்தியர் கணக்கில் போட முடியும். ராயின் இருவகைப் பகுப்பு இந்த மூன்றாவதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிச் செல்கிறது. நூலின் அளவுகோல் புண்ணில் அது எவ்வளவு கடுமையாக வேலை செய்கிறது என்பதே. அதைக் காரத்தின் உட்கூறு பற்றிய அறிவாக மாற்றியது நம் காலம்.

இதைச் சோதிக்க ஒரு சிறு வாக்கியம் உதவுகிறது. மூவகையையும் நோயின் வலிமைக்கேற்பப் பயன்படுத்துக என்று சொன்ன கையோடு சுசுருதம் ஒன்று சேர்க்கிறது: வலிமை குன்றினால், வலிமை ஏறுவதற்காகக் காரநீர் வார்க்க வேண்டும். வன்காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மென்காரமாகத் திரும்பும் என்பது நமக்குத் தெரியும். இரும்புக் குடத்தின் வாயை மூடிவைக்கச் சொல்வதோடு இந்த வாக்கியத்தையும் சேர்த்துப் பார்த்தால், ராயின் வாசிப்பு வென்றுவிட்டதாகவே தோன்றும்.

தோன்றுமே தவிர, அப்படி இல்லை. காரநீர் என்று அதே அத்தியாயம் முன்பு சொன்னது சுண்ணாம்பு படாத சாம்பல் நீரை. சுண்ணாம்பால்தான் கடுமை வருகிறது என்று கண்டிருந்தவர், கடுமை குறைந்தபோது சுண்ணாம்பையல்லவா கேட்டிருப்பார்? மென்காரத்தை ஊற்றி வன்காரத்துக்கு வலிமை ஏற்றுவது கோட்பாட்டின்படி தலைகீழ். இதற்கு மறுப்பும் உண்டு. குடத்தின் அடியில் வினைபுரியாத சுண்ணாம்பு எஞ்சியிருந்தால், புதிதாக ஊற்றிய சாம்பல் நீர் அதோடு கூடி மீண்டும் வன்காரமாகும், முறை பலித்திருக்கும். பலித்திருக்கலாம் என்றே நானும் நினைக்கிறேன். பலித்த காரணம் செய்தவருக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை என்பதுதான் என் வாதம்.

மருத்துவ நூலாசிரியர் வாக்படர் இதே குறிப்பைத் தம் அஷ்டாங்க ஹிருதயத்தின் சூத்திரஸ்தானம் 30-ஆம் அத்தியாயத்தில் எடுத்தாள்கிறார். அங்கே ஒரு சொல் மாறியிருக்கிறது. குன்றுவது வலிமை அல்ல, நீர். நீர் வற்றினால், வலிமைக்காகக் காரநீரை மறுபடி வார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். இதன்படி பார்த்தால் குடத்தில் நிகழ்வது வெறும் உலர்தல்; காற்றைப் பற்றிய பேச்சே எழவில்லை. அவர் இரும்புக் கலத்தை வாற்கோதுமைக் குவியலுக்குள் வைக்கச் சொல்வதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கரியமில வாயுவிடமிருந்து காப்பதுதான் நோக்கம் என்றால், தானே மூச்சுவிடும் தானியத்துக்குள் புதைப்பது விசித்திரமான ஏற்பாடு.

இரண்டில் எது பழைய பாடம்? வாக்படர் சுருக்கி எழுதுபவர். தெளிவில்லாத இடத்தைத் தெளிவாக்கியிருப்பார் என்று கொள்ளவே எனக்கு விருப்பம். அப்படியானால், சுசுருத மரபில் வந்த ஒருவரே அந்த வாக்கியத்தை உலர்தல் என்றுதான் புரிந்துகொண்டார் என்றாகிறது. சுசுருதம் பல அடுக்குகள் கொண்ட நூல் ஆதலால் கால வரிசையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய இயலாது. நேபாளத்தில் கிடைத்த 878-ஆம் ஆண்டுச் சுவடி தொகுப்பின் பழமையைக் காட்டுமே ஒழிய, ஒவ்வொரு வரியின் வயதையும் சொல்லாது.

பிரெஞ்சு வேதியியலர் பெர்த்தலோவின் ஐயம் வேறு வகை. இவ்வளவு நேர்த்தியான முறை ஐரோப்பியத் தொடர்புக்குப் பிறகு நுழைந்திருக்கலாம் என்று அவர் சந்தேகித்தார். ராய் வாக்படரையும் 11-ஆம் நூற்றாண்டுச் சக்ரபாணியையும் காட்டி அதை மறுத்தார், மறுப்பு சரியானதே. அஷ்டாங்க ஹிருதயம் 11-ஆம் நூற்றாண்டிலேயே திபெத்திய மொழிக்குப் போய்விட்டது என்பதையும் சேர்த்தால் பெர்த்தலோவின் கட்சி எழுந்திருக்க வழியில்லை.

இந்த வெற்றியே ராயைத் தவறான ஒப்பீட்டுக்கு இட்டுச் சென்றது என்பது என் எண்ணம். எடின்பரோவில் பயின்றவர் அவர். மென்காரம், வன்காரம் என்றதும் அதே எடின்பரோவின் ஜோசப் பிளாக் நினைவுக்கு வருவது இயல்பு. பிளாக் 1756-இல் அச்சிட்ட ஆய்வில், மென்காரத்திலிருந்து ஒரு காற்று வெளியேறுவதால்தான் அது கடுமை பெறுகிறது என்று தராசைக் கொண்டு காட்டினார். அதற்கு முன் ஐரோப்பாவில் நிலவிய கொள்கை நேர்மாறானது: சூளையில் சுண்ணாம்பு நெருப்பை உள்வாங்குகிறது, அதைக் காரத்துக்குக் கைமாற்றுகிறது. கற்களை நெருப்பு நிறமாகச் சுட்டுத் தோய்க்கும் சுசுருதமும் காரத்தை அக்கினித் தன்மை உடையதாகவே பேசுகிறது. அதன் அருகில் நிறுத்த வேண்டியவர் பிளாக் அல்ல, அவர் மறுத்தவர்கள்.

புளிப்பைப் பற்றிய பகுதிக்கும் இது பொருந்தும். காரம் பட்ட இடத்தில் நெய்யும் அதிமதுரமும் சேர்த்த புளிப்புப் பொருள்களை இடச் சொல்கிறது நூல். புளிப்பும் சூடானதாயிற்றே, நெருப்பு போன்ற காரத்தை அது எப்படித் தணிக்கும் என்று மாணவரின் ஐயத்தையும் எழுப்புகிறது. காரத்தில் புளிப்பு தவிர எல்லாச் சுவைகளும் உண்டு; புளிப்பு வந்து கூடியதும் அதன் உவர்ப்பு கடுமையை விட்டு இனிமையாகிறது என்பது விடை. நடுநிலையாக்கலைக் கண்ணால் கண்டிருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் இரண்டும் கூடியபின் எஞ்சும் பொருள் என்ன என்று யாரும் கேட்கவில்லை. அது புண்ணோடு கழுவப்பட்டுப் போயிற்று. பாரிசில் வேதியியலர் ரூயெல் 1744-இலும் 1754-இலும் அமிலமும் அதற்கு அடித்தளமான பொருளும் கூடிப் பிறப்பதே உப்பு என்று வரையறுத்தபோது அவர் முன் இருந்தவை படிகங்கள். சுசுருதத்தின் மாணவர் முன் இருந்தது மூலநோயாளி.