பெர்மியன் படுகை: நீரியல் விரிசலும் பாலைநிலத் தண்ணீரும்

மேற்கு டெக்சாஸிலும் தென்கிழக்கு நியூ மெக்சிகோவிலும் பரந்து கிடக்கும் பெர்மியன் படுகை, அமெரிக்காவிலேயே மிக அதிகமாக எண்ணெய் தரும் நிலம். 2024-இல் அங்கே நாளொன்றுக்கு 60 லட்சம் பீப்பாய்களுக்கு மேல் எடுக்கப்பட்டது. ஆனால் அதன் மேற்குப் பகுதி சிவாவா பாலைவனத்தைச் சேர்ந்தது. பீக்கோஸ் நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறத்தாழ 300 மில்லிமீட்டர்தான். பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கத் தேவையான தண்ணீரும் ஊர் குடிக்கும் தண்ணீரும் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்தே வருகின்றன.

தண்ணீருடன் மணலையும் சிறிதளவு வேதிப்பொருள்களையும் கலந்து, மிகுந்த அழுத்தத்தில் கிணற்றுக்குள் செலுத்திப் பாறையில் வெடிப்பு உண்டாக்குவதே நீரியல் விரிசல். 1947-இல் கான்சாஸில் சோதிக்கப்பட்ட இம்முறை, 1949-இல் ஓக்லஹோமாவிலும் டெக்சாஸிலும் வணிக அளவில் தொடங்கியது. செங்குத்தாக இறங்கிப் பின் கிடைமட்டமாகத் திரும்பும் கிணறுகளோடு அது இணைந்தபோதுதான், 1920-கள் முதல் எண்ணெய் தந்துவந்த பெர்மியன், 2010-க்குப் பிறகு மறுபிறவி எடுத்தது.

ஊற்றுகள் வற்றிய நிலம்

இந்த நிலத்தின் தண்ணீர்ச் சிக்கல் எண்ணெயோடு தொடங்கியதன்று. 1904-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, தன் நிலத்தடி நீரை உரிமையாளர் விரும்பிய அளவு இறைக்கலாம். பக்கத்து நிலத்தார் கிணறு வற்றினாலும் பொதுவாக வழக்கு நிற்காது. ஃபோர்ட் ஸ்டாக்டனில் இருந்த கமான்சே ஊற்றுகளை நம்பிய பாசனக்காரர்கள் 1950-களில் வழக்குத் தொடுத்துத் தோற்றார்கள். மேல்பகுதிப் பண்ணைகளின் மோட்டார்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 1961-க்குள் ஊற்றுகள் நின்றுபோயின.

எண்ணெய் நிறுவனங்கள் தண்ணீர் கேட்டு வந்தபோது இந்தச் சட்டம் அவர்களுக்கும் வழிவிட்டது. 2005-இல் கூட்டாட்சி அரசும் தன் பங்குக்கு, டீசல் பயன்படுத்தாத நீரியல் விரிசலைக் குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியது.

பார்ன்ஹார்ட் முதல் பால்மொரியா வரை

2011-இல் டெக்சாஸ் கடும் வறட்சியில் சிக்கியது. 2013 ஜூனில் ஏறத்தாழ நூறு பேர் வாழும் பார்ன்ஹார்ட் என்ற சிற்றூரின் குழாய்களில் தண்ணீர் நின்றது. சுற்றுவட்டாரத்தில் நில உரிமையாளர்கள் தங்கள் கிணற்று நீரை எண்ணெய் நிறுவனங்களுக்கு லாரி லாரியாக விற்றுவந்தனர். வறட்சி, பாசனம், எண்ணெய் மூன்றுக்கும் இதில் பங்கு உண்டு.

அதற்குப் பிறகும் தேவை கூடியது. டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, 2011-க்கும் 2016-க்கும் இடையில் பெர்மியனில் ஒரு கிணற்றுக்குச் செலவான தண்ணீர் சுமார் 50 லட்சம் லிட்டரிலிருந்து 4 கோடி லிட்டருக்கு மேல் உயர்ந்தது. கிடைமட்டக் குழாய்கள் நீண்டதும் ஒரு காரணம்.

2016 செப்டம்பரில் அப்பாச்சி என்ற எண்ணெய் நிறுவனம் மேற்கு டெக்சாஸின் பால்மொரியா நகருக்கு அருகே பெரிய எரிவாயு, எண்ணெய் வளத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தது. அங்குள்ள சான் சாலமன் ஊற்றுகள் நாளொன்றுக்கு 5 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் தருபவை. வயல்களும், 1930-களில் கட்டப்பட்ட பூங்காக் குளமும், அருகிப்போன சிறு மீனினங்களும் அவற்றை நம்பியுள்ளன. மக்கள் அஞ்சினார்கள். நகரத்துக்கும் பூங்காவுக்கும் அடியில் துளையிடுவதில்லை என்று நிறுவனம் உறுதியளித்தது. பின்னர் எரிவாயு விலை சரிய, திட்டமே சுருங்கியது.

மேலே வரும் உப்பு நீர்

எடுக்கும் தண்ணீரைவிடப் பெரிய தலைவலி, எண்ணெயோடு மேலேறி வரும் கழிவுநீர். பெர்மியனில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு மூன்று, நான்கு பீப்பாய் உப்பு நீர் வருகிறது. பல இடங்களில் அது கடல்நீரைவிடப் பன்மடங்கு உப்பானது. பெரும்பகுதியை மீண்டும் ஆழத்துக்குள் செலுத்திவிடுகிறார்கள். இதனால் நிலத்தடி அழுத்தம் கூடியது. மேற்கு டெக்சாஸில் மென்டோன் என்ற ஊருக்கு அருகே 2020-இல் 5.0, 2022 நவம்பரில் 5.4 அளவுள்ள நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. எண்ணெய்த் துறையை ஒழுங்குபடுத்தும் டெக்சாஸ் ரயில்பாதை ஆணையம், 2021 இறுதியில் மிட்லண்ட், ஒடெசா அருகே ஆழத்தில் செலுத்துவதை நிறுத்திவைத்தது. மேலடுக்குகளில் செலுத்தினாலும் ஆபத்து நீங்கவில்லை: கைவிடப்பட்ட பழைய கிணறுகள் வழியே உப்பு நீர் பீறிட்டு மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்திருக்கிறது.

நீரியல் விரிசல் குடிநீரைக் கெடுக்குமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2016 டிசம்பரில் வெளியிட்ட இறுதி அறிக்கை, சில சூழல்களில் கெடுக்கும் என்றது. சிந்துதல், கிணற்றுச் சுவர்களின் பழுது, முறையற்ற கழிவு நீக்கம், தண்ணீர் பற்றாக்குறையுள்ள இடத்தில் அதை உறிஞ்சுதல் ஆகியவற்றை அது காரணங்களாகச் சுட்டியது.

மாற்று வழிகளும் தோன்றியுள்ளன. ஒடெசா, மிட்லண்ட் நகரங்களின் சுத்திகரித்த சாக்கடை நீரைத் துளையிடுபவர்கள் விலைக்கு வாங்கத் தொடங்கினர். 2019-இல் நியூ மெக்சிகோ இயற்றிய சட்டம், எண்ணெய் வயலுக்குள் கழிவுநீரின் மறுபயன்பாட்டை ஊக்குவித்தது. இவை நன்னீரின் மீதான சுமையைக் குறைக்கின்றன. ஆனால் மேலேறி வரும் உப்பு நீர் முழுவதையும் தீர்க்கும் அளவுக்கு மறுபயன்பாடு இன்னும் வளரவில்லை.