நடு எஞ்சின் கார்களில் பெட்டிக்கான இடம்

இருக்கைகளுக்குப் பின்னாலும் பின்சக்கர அச்சுக்கு முன்னாலும் எஞ்சினைப் பொருத்தும் முறை நடு எஞ்சின் அமைப்பு எனப்படுகிறது. காரின் மிகக் கனமான உறுப்பு அதன் மையத்தை ஒட்டி அமைவதால் வளைவுகளில் கார் தயங்காமல் திரும்புகிறது. ஆனால் சாமான் வைக்க மிகவும் ஏற்ற இடத்தை அந்த எஞ்சினே எடுத்துக்கொண்டுவிடுகிறது. எஞ்சின் முன்னால் உள்ள காரில் பின்பகுதி முழுவதும் டிக்கியாகிறது. ஃபோக்ஸ்வாகன் பீட்டிலைப் போல எஞ்சின் பின்கோடியில் உள்ள காரில் முன்மூடிக்கு அடியில் பெட்டிகளை வைக்கலாம். நடு எஞ்சின் காரிலோ முன்னும் பின்னும் இரண்டு துண்டு இடங்களே மிஞ்சுகின்றன. அவற்றிலும் முன்துண்டில் ரேடியேட்டரும் ஸ்டெப்னியும் பங்கு கேட்கின்றன, பின்துண்டில் கியர்பாக்ஸும் சைலன்சரும் பங்கு கேட்கின்றன. இந்தப் பங்கீட்டை ஒவ்வொரு பொறியாளரும் எப்படித் தீர்த்தார் என்பதே இவ்வகைக் கார்களின் உருவத்தைப் பெரிதும் தீர்மானித்தது. அழகுக்காகச் செய்யப்பட்டவை என்று பலர் கருதும் சில வடிவங்களும் அதிலிருந்து பிறந்தவையே.

இந்த அமைப்பு பந்தயத் திடலிலிருந்து வந்தது. 1959இல் ஜாக் பிராபம் கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற சில ஆண்டுகளுக்குள் முன்எஞ்சின் கார்கள் அப்போட்டியிலிருந்து மறைந்துபோயின. ஃபார்முலா ஒன் காருக்குப் பெட்டி தேவையில்லை. ஆனால் லெ மான் போன்ற நெடுநேரப் பந்தயங்கள் சாலையில் ஓடத்தக்க கார்களின் சோதனைக்களமாகத் தொடங்கியவை என்பதால், அவற்றின் விதிகள் ஒரு சூட்கேஸுக்கான இடத்தை வலியுறுத்தின. 1960களின் ஃபோர்டு ஜிடி40 காரின் வாலில் கியர்பாக்ஸை ஒட்டி இடம்பெற்ற சாமான் அறைகளுக்கு அந்த விதியே காரணம்.

விற்பனைக் கார்களில் முதல் நல்ல விடை எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்ததில் கிடைத்தது. எஞ்சின் காரின் நீளவாக்கில் நின்றால் அதன் பின்னால் கியர்பாக்ஸும் நீண்டு வாலை நிரப்பிவிடும். அகலவாக்கில் நின்றால் பின்அச்சுக்கு அப்பால் ஒரு சிறு இடம் பிழைக்கும். 1966இல் ஜெனீவா கண்காட்சிக்கு வந்த லம்போர்கினி மியூரா பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினையே இவ்வாறு குறுக்கில் வைத்து, வாலில் ஒரு சிறிய டிக்கியைப் பெற்றது. எஞ்சினும் சைலன்சரும் பக்கத்திலேயே இருந்ததால் அங்கே வைத்த பொருள்கள் சூடேறின. இந்தக் குறை அதன்பின் வந்த பல கார்களையும் விடவில்லை. ஃபெராரி நிறுவனத்தின் டினோ அதே குறுக்கு அமைப்பை ஆறு சிலிண்டர் எஞ்சினோடு கையாண்டு, அளவில் சிறியதாயினும் பயணத்துக்கு உதவும் ஒரு டிக்கியைத் தந்தது. எஞ்சினை நெடுக்கிலேயே நிறுத்த விரும்பிய லம்போர்கினி கவுன்டாக் மாற்று வழியில் சென்றது: பாவ்லோ ஸ்டான்சானி கியர்பாக்ஸை எஞ்சினுக்கு முன்னால், இரண்டு இருக்கைகளுக்கு நடுவே கொண்டுவந்து வைத்தார்.

ஃபெராரியின் அனுபவம் இன்னும் விரிவாகப் பார்க்கத்தக்கது. 1973இல் விற்பனைக்கு வந்த பெர்லினெட்டா பாக்ஸர் காரில் ரேடியேட்டர் மூக்கில் இருந்தது. அது முன்பக்கச் சாமான் இடத்தைச் சுருக்கியதோடு, கொதிநீரைச் சுமந்த குழாய்கள் காரின் நீளம் முழுவதும் ஓடியதால் உள்ளே அமர்ந்தவர்களையும் வெப்பம் வாட்டியது. 1984இல் பாரிஸில் அறிமுகமான டெஸ்டரோசா இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாகத் தீர்த்தது: ரேடியேட்டர்கள் இரண்டாகப் பிரிந்து எஞ்சினின் இருபுறமும் சென்றன, குழாய்கள் குறுகின, மூக்கில் பெட்டிகளுக்கு இடம் பிறந்தது. அந்த ரேடியேட்டர்களுக்குக் காற்று வேண்டியிருந்ததால் காரின் பின்பகுதி ஏறத்தாழ 2 மீட்டர் அகலத்துக்கு விரிந்தது. காற்று நுழையும் வாயில்களின் மேல் கதவுகளின் நீளத்துக்கு வரிவரியான பட்டைகள் ஓடின. ஒரு தலைமுறையின் சுவரொட்டிகளில் இடம்பிடித்த அந்தப் பட்டைகளுக்குப் பின்னால், பெட்டிக்கு இடம் தேடிய கணக்கும் இருந்தது என்பது நினைவில் வைக்கத்தக்கது. அப்போதும் எந்தப் பெட்டியும் பொருந்திவிடவில்லை. மோடெனா நகரின் ஸ்கெடோனி தோல் பட்டறை ஃபெராரி கார்களின் அறைகளுக்கு அளவெடுத்துப் பெட்டிகள் தைத்துத் தந்தது.

ஆயினும் இந்தச் சிக்கலை மிக நன்றாகத் தீர்த்தவை விலையுயர்ந்த கார்கள் அல்ல. ஒரே காரை வேலைக்கும் விடுமுறைக்கும் ஓட்டும் வாடிக்கையாளரை மனத்தில் கொண்டு கட்டப்பட்ட எளிய கார்களே இதில் முன்னின்றன. ஃபோக்ஸ்வாகனும் போர்ஷேயும் கூடி உருவாக்கி 1969இல் வெளியிட்ட 914, தட்டையாகப் படுத்த எஞ்சினின் தாழ்ந்த உயரத்தைப் பயன்படுத்தி முன்னும் பின்னுமாக இரண்டு டிக்கிகளைக் கொண்டிருந்தது. கழற்றிய கூரை பின்டிக்கியின் மேற்பகுதியில் அமர்ந்தது. 1972இல் வந்த ஃபியட் எக்ஸ்1/9 இதைவிடச் சிறிய கார். பெர்டோனே நிறுவனத்துக்காக மார்செல்லோ காந்தினி வரைந்த அக்காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஃபியட் 128 குடும்பக் காரிலிருந்து எடுக்கப்பட்டுக் குறுக்கில் பொருத்தப்பட்டன. ஸ்டெப்னியும் பெட்ரோல் டேங்கும் இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் சென்றதால் இரண்டு கோடிகளும் சாமானுக்கு விடுபட்டன. கழற்றிய கூரை முன்டிக்கியின் மேல்மட்டத்தில் பலகைபோல் படிந்துகொள்ள, அதன் அடியில் பைகள் இருந்தன. மியூராவை வரைந்த அதே கை, சில ஆண்டுகள் கழித்து மிகக் குறைந்த விலையுள்ள காரில் அதைவிடத் தேர்ந்த விடையைக் கண்டது என்பது இவ்வரலாற்றில் சிறப்பாகப் பாராட்டத்தக்கது.

கோர்டன் மர்ரி உருவாக்கி 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, முன்னும் பின்னும் விட்டுவிட்டுப் பக்கங்களை நாடியது. ஓட்டுநர் நடுவிலும் பயணிகள் இருவர் சற்றுப் பின்தள்ளி இருபுறமும் அமரும் அக்காரில், பின்சக்கரங்களுக்கு முன்னால் வெளிப்புறத்திலிருந்து திறக்கும் இரண்டு அறைகள் இருந்தன. மிகுந்த விலையுள்ள கார்களில் பெட்டியைத் தொடக்கத்திலிருந்தே கணக்கில் எடுத்த அரிய முயற்சி இது. இதற்கு நேர்மாறானது 1998இல் டொயோட்டா லெ மானுக்குக் கொண்டுவந்த ஜிடி-ஒன்: சூட்கேஸுக்கு இடம் வேண்டும் என்ற விதி அங்கே இன்னும் நடைமுறையில் இருக்க, சோதனையின்போது வெறுமையாக இருக்கும் பெட்ரோல் டேங்கில் கோட்பாட்டளவில் ஒரு சூட்கேஸ் அடங்கும் என்று வாதிட்டு அந்நிறுவனம் ஒப்புதல் பெற்றது. சாலைக் காரையும் பந்தயக் காரையும் பிணைத்த விதி அத்துடன் பொருளிழந்துவிட்டது எனலாம்.

1990இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ், குறுக்கு எஞ்சினுக்குப் பின்னால் வாலை நீட்டி, தனி மூடியுடைய டிக்கியைப் பெற்றது. 1996இல் வந்த போர்ஷே பாக்ஸ்டர், ரேடியேட்டர்களை முன்மூலைகளுக்கு ஒதுக்கி, துணிக்கூரையை எஞ்சினின் மேல் மடித்து, 914இன் இரட்டை டிக்கி முறையை மீட்டது. 2012இன் தலைமுறையில் முன்னே 150 லிட்டரும் பின்னே 130 லிட்டரும் கிடைத்தன. ஏழு தலைமுறைகளாக முன்எஞ்சின் காராக இருந்த கார்வெட், 2020 மாடலில் நடு எஞ்சினுக்கு மாறியபோது, நெடுந்தூரப் பயணத்துக்குப் பழகிய அமெரிக்க வாடிக்கையாளர்களை இழக்க விரும்பாமல் இரு அறைகளிலுமாக 357 லிட்டர் இடத்தை ஒதுக்கியது. பின்னறை இரண்டு கோல்ஃப் பைகளுக்கோ கழற்றிய கூரைக்கோ போதுமானது. கூரையைக் கழற்றி ஓட்ட விரும்புபவருக்கு முன்னறையே பெரிதும் மிஞ்சுகிறது, அதில் விமானத்தில் கையோடு கொண்டுசெல்லும் அளவுள்ள ஒரு பெட்டி அடங்கும்.